ஆறாம் நடைமேடைக்கு ஒரு காலி வண்டி

மைக்காரர் என்றால் அந்தப் பேருந்து நிலையத்தில் தெரியாதவர் கிடையாது. உத்தியோகப்படி அவர் களமேற்பார்வையாளர். கேட்பதற்குப் பெரிய பதவி போல இருக்கும். கூட்டம் எங்கே பிதுங்குகிறதோ அங்கே போய் நிற்க வேண்டும். வண்டி எங்கே மக்கர் பண்ணுகிறதோ அங்கே ஓட வேண்டும். யாராவது மயங்கி விழுந்தால் முகத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஜன்னலோர இருக்கைக்காக இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டால் நடுவில் புகுந்து இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் பதவி. இதற்காக அவருக்குக் கொடுத்திருந்தவை ஒரு விசில், ஒரு மழைச்சட்டை, தோளில் மாட்டிக்கொள்ளும் ஒரு மைக். அதில் பேசினால் நிலையம் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்கும்.

நல்ல குரல் மனிதருக்கு. கனமான, அவசரப்படாத குரல். பக்கத்து வீட்டுப் பெரியப்பா கதவைத் தட்டி நல்லது சொல்வது போல இருக்கும். அது ஒன்றைச் சொன்னால் மறுபேச்சில்லாமல் நூறு தலைகள் திரும்பும். அந்தக் குரலை வைத்துத்தான் அவர் ஆறு வருடமாகக் காத்து வண்டி விட்டுக்கொண்டிருந்தார்.

காத்து வண்டி என்பது களமேற்பார்வையாளர்களுக்குள் மட்டும் புழங்கும் சொல். ஒரு நடைமேடையில் கூட்டம் அளவு மீறிவிட்டது, முன்னால் நிற்பவர்கள் நசுங்கப் போகிறார்கள் என்றால், எதிர்க்கோடியில் உள்ள வேறொரு நடைமேடைக்கு அதே தடத்தில் காலி வண்டி ஒன்று வருவதாக அறிவிப்பார்கள். பாதிக் கூட்டம் அடித்துப் பிடித்துக்கொண்டு அங்கே ஓடும். இங்கே மூச்சு விட இடம் கிடைக்கும். வண்டி வராது. எப்படி வரும், இருந்தால்தானே? ஓடியவர்கள் பத்து நிமிடம் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, அறிவித்தவனின் பரம்பரையையே திட்டிவிட்டு, திரும்பி வந்து வரிசையின் வாலில் ஒட்டிக்கொள்வார்கள். அதற்குள் இங்கே இரண்டு வண்டி நிரம்பிப் போயிருக்கும். இது எந்த விதிப் புத்தகத்திலும் கிடையாது. எல்லாரும் செய்வார்கள், யாரும் எழுத மாட்டார்கள். இதிலும் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. விட்ட காத்து வண்டியைத் திரும்பக் கூப்பிடக் கூடாது. ‘அந்த வண்டி வராது’ என்று மைக்கில் ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்த முறை ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்பது அவர்கள் நினைப்பு.

மைக்காரருக்கு இதில் பெருமை வேறு. மற்ற நிலையங்களிலிருந்து மேற்பார்வையாளர்கள் வந்து கேட்டால், எந்தச் சொல்லில் குரலை இறக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று வகுப்பே எடுப்பார். வண்டி எண்ணை மட்டும் சொல்லவே கூடாது, பிற்பாடு எவனாவது தேடுவான் என்பார். வாய் கூசாமல் பொய் சொல்வதற்கு ஒரு வகுப்பு, அதற்கு மாணவர்கள், நடுவில் தேநீர் இடைவேளை!

வீட்டில் அவர் வேறு ஆள். அங்கே மைக் மனைவியிடம் இருந்தது. அவள் பதினொரு வருடத்துக்கு முன் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தவள். மகள் பிறந்ததும் விட்ட வேலை, விட்டதுதான். இப்போது நகரத்தின் மறுகோடியில் ஒரு பெரிய பரிசோதனைக் கூடத்திலிருந்து அழைப்பு வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குச் செய்முறைத் தேர்வு. அழைப்புக் கடிதத்தை அவள் எத்தனை முறை படித்தாள் என்று கேட்டால், மடிப்பில் தாள் கிழிந்துபோகும் அளவுக்கு என்று சொல்லலாம். ஒரு வாரமாகப் புருஷனின் கைதான் அவளுக்குப் பாடப்புத்தகம்.

“கையை நீட்டுங்க.”

“வலதா, இடதா?”

“ரெண்டும்.”

“ஏம்மா, இருக்கிற ரத்தத்தை எல்லாம் நீயே எடுத்துட்டா, டிரைவருங்க உறிஞ்சறதுக்கு என்னதான் மிச்சம் இருக்கும்?”

“ஆடாம இருங்க. நரம்பு நழுவுது.”

ரப்பர் நாடாவைப் புஜத்தில் இறுக்கிக் கட்டி, விரல் நுனியால் நரம்பைத் தடவித் தேடுவாள். முதல் இரண்டு நாள் அவளுக்கே கை நடுங்கியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். நான்காம் நாள் ஒரே குத்தில் எடுத்துவிட்டு, தேர்வில் முதலாவதாக வந்தவள் போலத் துள்ளினாள். அவர் முழங்கை மடிப்பில் நீலம் கன்றிப் போயிருந்தது. அதை வேலை இடத்தில் சட்டைக் கையை மடித்து எல்லாருக்கும் காட்டினார்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு, பணிக்குக் கிளம்பும்போது சொன்னார்:

“ஏழரை வண்டியைப் பிடிச்சிடு. ரெண்டாம் நம்பர் பிளாட்பாரம். அதுக்கு மேல போனா கூட்டம் தாங்காது. அப்புறம், என்னைத் தேடிக்கிட்டு மேல ரூமுக்கு வந்துடாதே. வேலை நேரத்துல வீட்டு ஆளுங்க வந்தா நல்லா இருக்காது.”

“உங்க ஆபீஸ் படியை நான் மிதிக்கவே இல்லை சாமி, போயிட்டு வாங்க,” என்றாள்.

அன்றைக்கென்று தூறல் பிடித்துக்கொண்டது. இரண்டாம் நடைமேடைக்கு வர வேண்டிய ஏழரை வண்டி வழியிலேயே நின்றுவிட்டது. அடுத்த வண்டி வருவதற்குள் இரண்டு வண்டிக் கூட்டம் கூரைக்கு அடியில் சேர்ந்துவிட்டது. எள் போட்டால் எள் விழாது. ஏழு ஐம்பதுக்கு அது வளைவில் திரும்பி உள்ளே நுழைந்ததுதான் தாமதம், பின்னால் நின்றவர்கள் தள்ள, முன்னால் நின்ற ஒரு கிழவர் ஈரத்தில் வழுக்கி, நடைமேடை விளிம்புக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கால் இறங்கி மாட்டிக்கொண்டார். பின்னால் இருப்பவர்களுக்கு இது தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வண்டியின் கதவு. தள்ளிக்கொண்டே இருந்தார்கள்.

மைக்காரர் பாய்ந்து போய் ஓட்டுநரை நோக்கிக் கத்தினார். இன்ஜின் நின்றது. கிழவரின் தோளைப் பிடித்தார். தூக்க முடியவில்லை, அத்தனை பேரின் பாரமும் மைக்காரர் முதுகில். கிழவர் சத்தம் போடக்கூட இல்லை, வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. ‘தள்ளாதீங்க’ என்று சொன்னால் எந்தக் கூட்டம் கேட்டிருக்கிறது? அவர் கை தன்னால் மைக்குக்குப் போயிற்று.

“பயணிகள் கவனத்துக்கு. இதே தடத்தில் செல்லும் காலி வண்டி ஒன்று ஆறாம் நடைமேடைக்கு வந்துகொண்டிருக்கிறது. ஆறாம் நடைமேடை.”

கூட்டத்தின் வால் அறுந்தது. ஓடினார்கள். முதுகில் இருந்த பாரம் இறங்கிய அந்த ஒரு நொடியில் அவரும் நடத்துநரும் கிழவரைத் தூக்கி வெளியே போட்டார்கள். கணுக்காலில் சிராய்ப்பு, ஒரு செருப்பைக் காணோம், வேறொன்றும் இல்லை. கிழவர் அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இதுவரைக்கும் அவர் செய்ததில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. நான் அங்கே இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இதற்குப் பிறகு நடந்ததுதான் விஷயம்.

எட்டே காலுக்கு மாடிக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, சம்பவ அறிக்கையை எழுதி முடித்தார். ‘உரிய நேரத்தில் கூட்டம் கலைக்கப்பட்டு விபத்து தவிர்க்கப்பட்டது.’ வட்டார அதிகாரி தொலைபேசியில் ஒரு சபாஷ் சொன்னார். எதிரே நேரக்காப்பாளர் தேநீரை நீட்டினார். வண்டிகளின் வரவு போக்கு நேரத்தைக் குறித்துவைப்பவர். எல்லாரும் அவரைக் கடிகாரம் என்பார்கள், அவர் கையில் கட்டியிருந்தது ஒருநாளும் சரியான நேரம் காட்டியதில்லை என்றாலும்.

கடிகாரம் கண்ணாடி வழியே கீழே எட்டிப் பார்த்தார்.

“சார், இங்க பாருங்களேன். ஆறாம் நம்பர்ல எல்லாரும் திட்டிட்டுப் போயாச்சு. ஒரே ஒரு பச்சைக் குடை மட்டும் இன்னும் நிக்குது.”

மைக்காரரும் பார்த்தார். தூரத்தில், நிலையத்தின் கடைசிக் கோடியில், பச்சைக் குடை ஒன்று தனியாக நின்றது. வண்டி வரும் சாலைப் பக்கம் திரும்பி நின்றதால் குடையும் அதன் கீழே கொஞ்சம் உடையும்தான் தெரிந்தன.

“விடு, அந்தம்மாவுக்கு என் மேல அவ்வளவு நம்பிக்கை,” என்றார். “நாளைக்கு வந்து பார்த்தாலும் அங்கேதான் நிக்கும். சாப்பாடு கொடுத்தனுப்புவோமா?”

கடிகாரம் விழுந்து விழுந்து சிரித்தார். இவரும் சிரித்தார். சிரித்த வேகத்தில் தேநீர் புரை ஏறிவிட்டது. கடிகாரம் அவர் தலையில் தட்டி, “யாரோ நினைக்கிறாங்க சார்,” என்றார்.

ஒன்பது மணி வாக்கில் ஒரு ஆள் படியேறி வந்து லேட் சீட்டு கேட்டார். வண்டியால் தாமதமானது என்று வேலை இடத்தில் காட்ட, மேற்பார்வையாளர் கையெழுத்திட்டுத் தரும் காகிதம் அது. ஆறாம் நடைமேடையில் கால் மணி நேரம் நின்றதாகச் சொன்னார். “அப்படி எந்த வண்டியும் பதிவுல இல்லையே,” என்று மைக்காரர் பதிவேட்டைப் புரட்டிக் காட்டி அனுப்பிவிட்டார். அதிலும் அவருக்கு உறுத்தல் ஏதும் இல்லை.

பத்தரைக்குக் கூட்டம் ஓய்ந்ததும்தான் இழுப்பறையில் இருந்து கைப்பேசியை எடுத்தார். மனைவியிடமிருந்து இரண்டு தவறிய அழைப்புகள், எட்டு இருபதுக்கும் எட்டு இருபத்தைந்துக்கும். போய்ச் சேர்ந்ததைச் சொல்லக் கூப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். திருப்பிக் கூப்பிட்டார், எடுக்கவில்லை. தேர்வில் இருப்பாள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது ஒரு பொட்டலம் இனிப்பு வாங்கிக்கொண்டார்.

வாசலில், செருப்பு விடும் இடத்தில், பச்சைக் குடை ஒன்று விரித்துக் காய வைத்திருந்தது.

அவர் ஒரு செருப்பைக் கழற்றியவர் மற்றதைக் கழற்றாமல் நின்றார். பச்சைக் குடை உலகத்தில் ஒன்றுதானா இருக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அது அவர்கள் வீட்டுக் குடைகூட இல்லை.

“அது பக்கத்து வீட்டு அக்காவோடது,” என்றபடி மனைவி உள்ளேயிருந்து வந்தாள். “நம்ம குடை கம்பி உடைஞ்சு கிடந்துச்சு. அதைத் தேடி, அக்காவை எழுப்பி, ஏழரை மணிக்கே லேட் ஆயிடுச்சு எனக்கு.”

“பரீட்சை?”

“எங்க எழுதினேன்? ஒன்பதே காலுக்குப் போய் நின்னா கதவைச் சாத்திட்டாங்க.”

அழுது முடித்துவிட்ட முகம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு அவர் மேல்தான் பரிதாபம் வந்தது. அதுதான் கொடுமை.

“உங்க மேல தப்பில்லைங்க. டிப்போக்காரங்க உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க போல. ரெண்டாம் நம்பர்ல நான் நடுவுல நின்னேன். இன்னும் ஒரு வண்டி வந்திருந்தா ஏறியிருப்பேன். உங்க குரல் கேட்டுச்சு, ஆறாம் நம்பருக்கு காலி வண்டின்னு. ஓடினேன். பத்து நிமிஷம் ஆச்சு, வரலை. ஜனங்க என்ன பேச்சு பேசுறாங்க தெரியுமா? ஒரு பொம்பளை சொல்றா, ‘இந்த மைக்ல பேசுறவன் பொறக்கும்போதே புளுகிக்கிட்டே பொறந்திருப்பான்’னு. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்! ‘வாயை அளந்து பேசும்மா, அவர் என் வீட்டுக்காரர், பதிமூணு வருஷமா பார்க்கிறேன், வராத வண்டியை வருதுன்னு சொல்ற ஆள் கிடையாது’ன்னு கத்திட்டேன்.”

அவர் இனிப்புப் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

“நான் சொன்னதைக் கேட்டு ஏழெட்டுப் பேர் இன்னும் கொஞ்ச நேரம் நின்னாங்க. அப்புறம் அவங்களும் போயிட்டாங்க. நான் போகலை. அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டு நானே திரும்பிப் போனா, உங்களை நானே பொய்யன்னு சொன்ன மாதிரி ஆயிடாதா? ரெண்டு தடவை போன் பண்ணினேன், எடுக்கலை. மேல வரக் கூடாதுன்னு வேற சொல்லியிருந்தீங்க. எட்டரை வரைக்கும் நின்னேன்.”

இந்த இடத்தில் அவர் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் போதும், நான்கு சொல். அவள் அதற்குள் சாக்கைத் தட்டில் வைத்து நீட்டிவிட்டாள்.

“டிப்போல இருந்து அனுப்புறேன்னு சொல்லிட்டு அனுப்பலை, அதானே?”

“ம்,” என்றார் மைக்காரர். “சொன்னாங்க. அனுப்பலை.”

சொல்லும்போதே காது மடல் சுட்டது. நூறு பேர் முன்னால் தடுமாறாத குரல் ஒரு ஆளுக்கு முன்னால் தேய்ந்து போயிற்று.

“ஆனா முழுசா கெட்டுப் போகலைங்க,” என்று அவள் அருகில் வந்தாள். “அங்க இருந்த டாக்டரம்மா நல்லவங்க. வெள்ளிக்கிழமை ரெண்டாவது குழு இருக்காம். அறிவிச்ச வண்டி வரலைன்னு பஸ் நிலையத்துல இருந்து லேட் சீட்டு கொண்டு வந்தா சேர்த்துக்கிறேன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ‘அதுல கையெழுத்துப் போடுறதே என் வீட்டுக்காரர்தாங்க’ன்னு சொன்னேன். பெருமையாத்தான் சொன்னேன்.”

அன்று மாலையும் ரப்பர் நாடாவை எடுத்து வந்தாள். அவர் கையை நீட்டினார். ஒரே குத்தில் எடுத்துவிட்டு, பஞ்சை அழுத்தி, “வலிச்சுதா?” என்று கேட்டாள். தன்னைப் பார்த்து அவர் சிரித்தபோது தேநீர்க் குவளையைப் பிடித்திருந்த கை இது என்று அவளுக்குத் தெரியாது. அவருக்கு அவமானமாக இருந்தது. இன்னும் நாலு குத்து குத்தினால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் காலைக் கூட்டம் முடிந்ததும் லேட் சீட்டுப் புத்தகத்தை விரித்தார். மூன்று பிரதி. ஒன்று பயணிக்கு, ஒன்று நிலையத்துக்கு, ஒன்று வட்டார அலுவலகத்துக்கு. கடைசிக் கட்டத்தில், ‘வண்டி வராததற்குக் காரணம்’.

விஷயத்தைக் கேட்டதும் கடிகாரத்தின் முகத்தில் ஈயாடவில்லை. பச்சைக் குடை அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“டயர் பஞ்சர்னு எழுதிடுங்க சார். நம்ம மீசை டிரைவர் அன்னைக்குக் காலையில டிப்போல சும்மாதான் இருந்தார், அவர் வண்டி நம்பரைப் போட்டுக்கலாம். கேட்டா சரின்னுடுவார். நம்ம வீட்டு விஷயம், யார் நோண்டப் போறாங்க?”

எழுதினார். வண்டி எண் போட்டார். ஓட்டுநர் என்ற கட்டத்தில் மீசையின் பெயரையும் எழுதினார். கையெழுத்துப் போடப் போகும்போது அவருக்கு மனைவியின் முகம் தோன்றியது. அவள் இதை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள். அடுத்த முறை மீசையைப் பார்க்கும்போது, ‘அண்ணே, அன்னைக்கு மழையில டயர் மாத்த ரொம்பக் கஷ்டப்பட்டீங்களாமே’ என்று விசாரிப்பாள். மீசையும் ஆமாம் என்பான். கடிகாரமும் ஆமாம் என்பார். நிலையமே ஆமாம் ஆமாம் என்று தலையாட்டும், நடுவில் அவள் ஒருத்தி நம்பிக்கொண்டு நிற்பாள், நேற்றுப் போலவே.

மூன்று பிரதியையும் சேர்த்துக் கிழித்தார். புதிதாக மூன்று எடுத்தார். காரணம் என்ற கட்டத்தில் எழுதினார்: ‘அப்படி ஒரு வண்டி இல்லை. கூட்டத்தை விலக்க நான் சொன்ன பொய். கூட்டம் விலகிய பிறகும் பயணிகளிடம் உண்மையைச் சொல்லவில்லை.’ கீழே கையெழுத்து, தேதி, முத்திரை.

“சார், உங்க தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கிறீங்க!” என்று கடிகாரம் எழுந்தே விட்டார். “இது வட்டார ஆபீசுக்குப் போகும் சார்! எல்லா ஸ்டேஷனும் மாட்டும்!”

மாட்டட்டும் என்று வீரமாக ஒன்றும் அவர் சொல்லவில்லை. பயமாகத்தான் இருந்தது. வட்டாரப் பிரதியைப் பெட்டியில் போட்டுவிட்டு, திரும்ப எடுக்க முடியுமா என்று பெட்டியின் வாயில் விரலை விட்டுக்கூடப் பார்த்தார்.

வீட்டில் மனைவி குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக்கையைத் துடைத்துவிட்டுச் சீட்டை வாங்கினாள். படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

“ஏன் விலக்கினீங்க?”

கிழவர் விழுந்ததைச் சொன்னார்.

“அவர் பிழைச்சாரா?”

“சிராய்ப்போட போச்சு.”

“அப்ப சொன்னது சரிதான்.” குழாயை மூடினாள். “அதுக்கப்புறம் ஏன் வந்து சொல்லலை? ரெண்டு நிமிஷ வேலை. மைக் தோள்லதானே இருந்துச்சு?”

“அது... எங்க வழக்கம். திரும்பச் சொல்ல மாட்டோம்.”

“ஆறாம் நம்பர்ல ஆளுங்க நிக்கிறது உங்க ரூம்ல இருந்து தெரியுமா?”

“தெரியும்.”

“நான் நின்னது?”

“ஒரு பச்சைக் குடை தெரிஞ்சுது. நீன்னு தெரியலை. சத்தியமா நீன்னு தெரியலைம்மா.”

“நான் இல்லைன்னா மட்டும்?”

நீயென்று தெரியவில்லை என்பதைத்தான் நேற்று முழுக்கத் தனக்குச் சாதகமாக வைத்திருந்தார். அவள் ஒரு சொல்லில் அதைத் தட்டிவிட்டாள்.

“குடையைப் பார்த்துட்டு என்ன பண்ணீங்க?”

இதை அவர் சீட்டில் எழுதவில்லை. எழுதச் சொல்லி அதில் கட்டமும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

“சிரிச்சேன்,” என்றார்.

அவள் சீட்டை நனையாதபடி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு வந்து, கழுவிய பாத்திரத்தையே மறுபடி எடுத்துக் கழுவினாள். சண்டை போட்டிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் சண்டையை அவருக்காக நாற்பது பேரிடம் ஏற்கெனவே போட்டு முடித்திருந்தாள்.

அன்றைக்கும் மறுநாளும் ரப்பர் நாடா வெளியே வந்தது, ஆனால் அவர் கைக்கு வரவில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் கைக்குப் போயிற்று. அவர் கூடத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்து பார்த்தார். மகள்கூட, “அப்பா, உங்க கை இப்ப வேணாமாம்,” என்று சொல்லிவிட்டுப் போனாள். முழங்கை மடிப்பில் நீலம் மஞ்சளாக மாறத் தொடங்கியது.

வட்டார அலுவலகத்தில் இருந்து மறுநாளே விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. எல்லா நிலையங்களுக்கும் சுற்றறிக்கை போயிற்று. வகுப்புக்கு வந்த பழைய மாணவர்கள் எல்லாம் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டினார்கள். மைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வியாழக்கிழமை பகல் அவர் டிப்போவுக்கு நேரில் போய், அதுவரை தானே நூறு முறை பழிபோட்டிருந்த டிப்போப் பொறுப்பாளர் முன்னால் கைகட்டி நின்று, நாளைக் காலை இரண்டாம் நடைமேடைத் தடத்துக்கு உபரியாக ஒரே ஒரு காலி வண்டியை ஆறாம் நடைமேடைக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டார். பொறுப்பாளர் ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

வெள்ளிக்கிழமை மழையில்லை, கூட்டம் மட்டும் இருந்தது. ஏழே முக்காலுக்கு இரண்டாம் நடைமேடை நிரம்பி வழிந்தது. மனைவி நடுவில் நின்றாள், சீட்டு வைத்த பையை மார்போடு அணைத்தபடி. மேலேயிருந்து கடிகாரம் சைகை காட்டினார். வண்டி டிப்போ வாசலைத் தாண்டிவிட்டது. மைக்காரர் மைக்கை எடுத்தார்.

“பயணிகள் கவனத்துக்கு. இதே தடத்தில் செல்லும் காலி வண்டி ஒன்று ஆறாம் நடைமேடைக்கு வந்துகொண்டிருக்கிறது.” கொஞ்சம் நிறுத்தினார். பிறகு, இதுவரை சொன்னதே இல்லாத ஒன்றைச் சொன்னார்: வண்டியின் எண்ணை.

நான்கைந்து பேர் ஓடினார்கள். வெளியூர்க்காரர்களாக இருக்க வேண்டும். மற்றவர்கள் அசையவில்லை. “செவ்வாய்க்கிழமை சொன்ன வண்டி இப்பதான் வருதா?” என்று ஒரு குரல் கேட்டது. கொல்லென்று சிரித்தார்கள். அவர் கூட்டத்துக்குள் தேடினார். மனைவி சிரிக்கவில்லை. திரும்பவும் இல்லை. இரண்டாம் நடைமேடைக்கு வண்டி வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

அவருக்குப் பதறியது. இங்கே அடுத்த வண்டி வர இருபது நிமிடம் ஆகும், வந்தாலும் ஏற முடியுமோ என்னவோ. கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவளிடம் போனார். எல்லாரும் பார்த்தார்கள்.

“நிஜமாவே வருதும்மா. டிப்போ கேட்டைத் தாண்டிடுச்சு. நானே நேத்து போய்ச் சொல்லிட்டு வந்தேன். போய் ஏறிக்கோ, உட்கார இடம் கிடைக்கும்.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபமான பார்வைகூட இல்லை. பேருந்து நிலையத்தில் யாரோ ஒரு மேற்பார்வையாளரை ஒரு பயணி பார்ப்பது போலத்தான் இருந்தது.

“வரட்டும்,” என்றாள். “வந்ததும் போறேன்.”

அவர் மைக்கை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் நின்றார். இங்கிருந்தே ஆறாம் நடைமேடையும் அதற்கு வரும் சாலை வளைவும் தெரிந்தன. ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று. தான் சொன்ன வண்டிக்காக அவர் இதற்கு முன் ஒருநாளும் காத்து நின்றதில்லை. வழியில் மக்கர் பண்ணிவிட்டால்? பொறுப்பாளர் வேறு தடத்துக்குத் திருப்பிவிட்டிருந்தால்?

வளைவில் வண்டி திரும்பியது. எண்ணும் அதேதான். கூட்டத்தில் பலர் ஓடத் தொடங்கினார்கள். அவர் மனைவியைப் பார்த்தார். அவள் அப்போதும் நகரவில்லை. வண்டி ஆறாம் நடைமேடையில் வந்து நின்று, கதவு திறக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.